முப்பத்தெட்டு அட்டைகள்

1978ஆம் ஆண்டு ஜனவரியில், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் ஞாயிறு பத்திரிகை தன் வாசகர்களைச் சதுரங்கம் ஆட அழைத்தது. எதிரில் ஆடப்போகிறவர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற ஓர் ஐரோப்பியர். அந்த ஆண்டு அவர் சிங்கப்பூரில் தங்கி ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காய்கள் வாசகர்களுக்கு. தாங்கள் நினைக்கும் நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். எதற்கு அதிக அட்டைகள் வருகின்றனவோ அதுதான் வாசகர்களின் நகர்த்தல். மாஸ்டர் தொலைபேசியில் பதில் நகர்த்தலைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் படத்தோடு அச்சாகும். அப்படி வாரத்துக்கு ஒன்று.

எங்கள் தோட்டத்திலிருந்து வாரம் முப்பத்தெட்டு அட்டைகள் போயின. நாட்டில் வேறு எந்த ஊரும் அத்தனை அனுப்பவில்லை என்று பத்திரிகையே ஒருமுறை எழுதியது. அந்த அட்டைகளை நிரப்பியவன் நான்.

என் பெயர் நாகரத்தினம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பகாங் மலையில், ரிங்லெட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி. வருகைப் பதிவு, கொழுந்து நிறுவை, தபால் பை எல்லாம் என் பொறுப்பு. தானா ராத்தா பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். சதுரங்கம் பற்றி இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் வைத்திருந்தேன். தோட்டத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு புத்தகம் இல்லை என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஓர் உதவித் துரை ஊருக்குத் திரும்பும்போது யூனியன் மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பலகையில்தான் ஆட்கள் ஆடிப் பழகினார்கள். நவம்பர் மழையில் வேலை சீக்கிரம் முடியும் நாள்களில் மண்டபம் நிறைந்துவிடும். காய்களுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்குத் துரை என்று பெயர். ஒரு கட்டத்துக்கு மேல் நடக்கமாட்டார், ஆனால் அவருக்காக எல்லோரும் சாகவேண்டும். ராணி, துரைசானி. நேர் ரோட்டில் மட்டும் ஓடும் யானை, லோரி. குறுக்காகவே போகும் மந்திரியைக் கிராணி என்றார்கள். சிப்பாய்கள் ஆட்கள். குதிரை மட்டும் குதிரையாகவே இருந்தது.

பத்திரிகை எங்களுக்குத் திங்கட்கிழமைதான் வரும். தாப்பாவிலிருந்து ஏறும் பஸ் அதை ரிங்லெட்டில் இறக்கும். அங்கிருந்து தோட்டத்து லோரி கொண்டுவரும். மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் கூடுவோம். நான் சதுரங்கப் பகுதியை வாசிப்பேன். லோரி டிரைவர் முனியாண்டி காயை நகர்த்திவைப்பான். பிறகு வாதம். கடைசியில் கை தூக்குவார்கள். எந்த நகர்த்தலுக்குக் கை அதிகமோ அதையே முப்பத்தெட்டு அட்டைகளிலும் எழுதவேண்டும், தோட்டம் பிரிந்து நிற்கக்கூடாது என்று முதல் வாரமே முடிவாகிவிட்டது. யூனியன் ஓட்டு அப்படித்தான் போடுவார்கள். இதையும் அப்படியே செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தபால் பை கிளம்பிவிடும். கூட்டம் முடிந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க நேரமிருக்காது. பெண்கள் உலை வைக்க ஓடுவார்கள். அதனால் திங்கட்கிழமை மதியம் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே வெற்று அட்டைகளை நீட்டிவிடுவேன். கூடையை இறக்கி, கையைத் துடைத்து, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்துவிட்டுப் போவார்கள். கிராணி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது அங்கே பழக்கம். லீவுப் பாரம், யூனியன் பாரம், சேமநிதிப் பாரம் எல்லாம் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எழுதுவதற்கு முன்பே கையெழுத்துக் கேட்டால்கூட யாரும் தயங்கியதில்லை.

முதல் பத்து நகர்த்தல்கள் நான் சொன்னதுதான். புத்தகத்தைத் திறந்து காட்டி, "இது உலக சாம்பியன்ஷிப்ல ஆடினது" என்பேன். தலையாட்டிக் கை தூக்குவார்கள்.

பதினோராவது வாரம் பாஞ்சாலை பேசினாள்.

பாஞ்சாலை கொழுந்து பறிப்பவள். நாற்பது வயது இருக்கும். முந்தைய ஆண்டு மழையில் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் நடக்க முடியாமல் மண்டபத்துப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, முனியாண்டியும் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமியும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதம் இருவரையும் தோற்கடித்தாள். அன்று அவள் சொன்ன நகர்த்தல் என் புத்தகத்தில் இல்லை. பத்துப் பேர் அவள் பக்கம் கை தூக்கினார்கள். அடுத்த வாரம் பதினெட்டு. ஏப்ரலுக்குப் பிறகு, நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் அவள் பக்கம்தான் திரும்பினார்கள்.

மே மாதக் கடைசியில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் மாஸ்டர் கோலாலம்பூருக்கு வந்து ஒரே நேரத்தில் இருபது பேரோடு ஆடப்போகிறார். அதில் ஓர் இடம் வாசகர் ஒருவருக்கு. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் இக்கட்டான கட்டத்தில் சரியான நகர்த்தலைக் காரணத்தோடு எழுதியவர் எவரோ, அவர் மாஸ்டருக்கு எதிரே உட்காரலாம்.

அந்த நாற்காலி பாஞ்சாலைக்கு என்று மண்டபம் அன்றே முடிவுசெய்துவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வெளையாடுற சேருன்னா போவேன். சும்மா மாலை போட்டு உக்கார வைக்கிறதுன்னா வரமாட்டேன்" என்றாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதை அதற்குள் பலமுறை மனத்தில் பார்த்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இக்கட்டான கட்டம் ஜூன் மாதம் வந்தது. இருபத்துநாலாவது நகர்த்தல். மாஸ்டரின் குதிரை எங்கள் ராணிக்கு எதிரே காவல் இல்லாமல் தனியாக நின்றது.

"அலாமா! சும்மா நிக்கிது லா" என்றான் முனியாண்டி. "தூக்கிப் போடுங்க!"

"அவசரப்படாதடா" என்றார் ரெங்கசாமி. "அவ்ளோ பெரிய ஆளு சும்மா கொண்டாந்து நிறுத்துவானா?"

"வயசாயிருக்கும் மண்டோரே. கண்ணு தெரிஞ்சிருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். "நான் மூணு நகர்த்தல் வரைக்கும் பாத்துட்டேன். பயம் ஒண்ணும் இல்ல. ராணியால வெட்டலாம்" என்றேன்.

"வெட்ட வேணாம்" என்றாள் பாஞ்சாலை, பெஞ்சிலிருந்து.

"ஏன்க்கா?" என்றான் முனியாண்டி.

"தொரை அவரு கைக்கடியாரத்தக் கழட்டி மேச மேல வச்சிட்டு வெளிய போறாரு. நீ ஆப்பீசு கூட்டப் போற. எடுப்பியா?"

"எடுக்கமாட்டேன்க்கா. எடுத்தா சாயங்காலம் போலீசு வந்துரும்."

"அதான். அது ஏன் அங்க இருக்குன்னு மொதல்ல பாரு." அவள் எழுந்து பலகைக்கு வந்தாள். எங்கள் ராஜாவின் மேல் விரலை வைத்தாள். "இங்க பாருங்க. நம்ம தொரைக்கு முன்வாசல்ல மூணு ஆளு அடச்சிக்கிட்டு நிக்கிறான். பின்வாசலப் பாத்துக்கிட்டு இருக்கிறது துரைசானியும் ஒரு லோரியும். துரைசானி குதிரயப் புடிக்கப் போயிட்டா, லோரி மட்டுந்தான். அவன் ரெண்டு பேரா வந்தா? தொரை எங்க ஓடுவாரு? இந்த ஓரத்து ஆள ஒரு கட்டம் முன்னால தள்ளுங்க. தொரைக்கு ஒரு சந்து கெடைக்கும். குதிர எங்கயும் போயிடாது. போனாலும் போவட்டும்."

"ரெண்டு பேரா வந்தா ஒருத்தன் சாவணும்" என்றேன். "அவன் ராணியக் குடுப்பானா? யாராவது குடுப்பாங்களா?"

"அவன் குடுப்பான்" என்றாள்.

கை தூக்கினார்கள். அவளுக்கு முப்பத்தைந்து. குதிரையை வெட்ட என்னோடு சேர்த்து மூன்று. காய் பிடிக்கிறதென்றால் எதற்கும் கை தூக்கும் முனியாண்டி ஒன்று, அவன் தூக்கினால் தூக்கும் அவன் தம்பி ராஜு ஒன்று.

"பாஞ்சால சொன்னத அப்படியே எழுதிருங்க, கிராணி" என்றார் ரெங்கசாமி. "அவ அட்டையில மட்டும் அவ சொன்ன காரணத்தயும் சேத்து எழுதுங்க. அழகா, உங்க தமிழ்ல."

"கோலாலம்பூருக்கு என்ன சேல கட்டப்போற, பாஞ்சால?" என்று கேட்டாள் அவளோடு கொழுந்து பறிக்கும் காளியம்மா.

"கொழுந்துக்குக் கட்டுற ரப்பர் தாளுதான். மழ பேஞ்சா?"

அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் முப்பத்தெட்டு அட்டைகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய கிராணி நாற்று மேட்டுக்குப் போயிருந்தார். புத்தகத்தைத் திறந்தேன். அதுபோன்ற நிலை ஒன்று இருந்தது. அதில் குதிரையை வெட்டியவன் ஜெயித்திருந்தான். அது இதே நிலை இல்லை. அங்கே ராஜாவுக்கு ஓட ஒரு சந்து இருந்தது. அந்த வித்தியாசம் அப்போது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டேன்.

முதல் அட்டையில் எழுதினேன்: ராணியால் குதிரையை வெட்டுக.

இவர்கள் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஜெயித்த பிறகு யாருக்கும் வருத்தம் இருக்காது, சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டுமே பொய். தேயிலை பறிக்கும் பெண் ஒருத்தி என்னைவிட நன்றாக ஆடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை இன்னொருவர் அச்சில் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் எழுதினேன்.

இருபதோ இருபத்தொன்றோ முடிந்தபோது அவளுடைய அட்டை வந்தது. பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, ப. பாஞ்சாலை என்று போட்டிருந்தாள். இந்த ஒரு பெயரை மட்டும் எழுதப் பழகியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேலேயும் எழுதினேன்: ராணியால் குதிரையை வெட்டுக. காரணம் எதுவும் எழுதவில்லை. காரணத்தை என் அட்டையில் எழுதினேன். இடம் போதாமல் ஒரு தாளும் இணைத்தேன்.

பதினோரு மணிக்கு முனியாண்டி வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த திங்கட்கிழமை வாசித்தேன். வாசகர்கள் ராணியால் குதிரையை வெட்டினார்கள். மாஸ்டரின் பதில்: ராணி கடைசி வரிசைக்கு. ராஜாவுக்கு முற்றுகை.

"நாம அத எழுதலியே" என்றார் ரெங்கசாமி.

"மத்த ஊர்க்காரங்க ஓட்டு ஜாஸ்தி" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

முனியாண்டி கறுப்பு ராணியைத் தூக்கி எங்கள் கடைசி வரிசையில் வைத்தான். வைத்தவன் துள்ளினான். "துரைசானியவே குடுத்துட்டான் லா! லோரிய விட்டு ஏத்து! பாத்தீங்களா, நம்ம கிராணி அன்னைக்கே சொன்னாரு!"

மண்டபம் கைதட்டியது. யாரோ என் முதுகில் தட்டினார்கள். நான் பலகையைப் பார்த்தேன். எங்கள் யானை அந்த ராணியை வெட்டித்தான் ஆகவேண்டும். வேறு நகர்த்தல் இல்லை. வெட்டியதும் பின்னால் நிற்கும் கறுப்பு யானை வந்து அதை வெட்டும். எங்கள் ராஜாவுக்கு முன்னால் அவருடைய மூன்று சிப்பாய்கள். ஓட வழி இல்லை. அவள் சொன்னது அப்படியே நின்றது.

பாஞ்சாலை கைதட்டவில்லை. "முடிஞ்சி போச்சி" என்றாள். பிறகு வந்து விரலால் காட்டினாள். கைதட்டல் ஒவ்வொருவராக நின்றது.

"எந்த ஊருக்காரன்டா இப்படி எழுதினது?" என்றார் ரெங்கசாமி.

"ஈப்போக்காரனுங்கதான் அண்ணே. டவுன்ல உக்காந்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி."

"வாத்தியாருங்களா இருப்பானுங்க. புஸ்தகத்தப் பாத்து ஆடறவனுங்க."

"நாம சொன்னா எவன் கேக்கறான்?"

நானும் அவர்களோடு சேர்ந்து ஈப்போக்காரர்களைத் திட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அட்டைகளை எழுதிய காலைப்பொழுதைவிட இந்தப் பத்து நிமிடம்தான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

அதற்கடுத்த ஞாயிறு ஆட்டம் முடிந்தது. பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. திங்கட்கிழமை மதியம் அலுவலகத்திலேயே நான் வாசித்துவிட்டேன். மாஸ்டர் சொன்னதாக எழுதியிருந்தார்கள்: இருபத்துநாலாவது நகர்த்தலில் வாசகர்கள் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் என் குதிரை ஓடியிருக்கும், நானே சமம் கேட்டிருப்பேன். அதன் கீழே கணக்கு. குதிரையை வெட்ட எண்பத்திரண்டு அட்டைகள், சிப்பாயை நகர்த்த நாற்பத்தொன்று. பிறகு இந்த வரி: 'பகாங் மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த முப்பத்தெட்டு அட்டைகளும் ஒன்றுபோலக் குதிரையை வெட்டச் சொல்லிவிட்டன. அவை மறுபக்கம் விழுந்திருந்தால் ஆட்டமே வேறு.' சிப்பாயைச் சொல்லிக் காரணம் எழுதிய தைப்பிங் ஆசிரியர் ஒருவருக்கு அந்த நாற்காலி போயிருந்தது.

மாலை மண்டபத்தில் வாசித்தேன். மாஸ்டர் சொன்னதை வாசித்தபோது எல்லோரும் பாஞ்சாலையைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். கணக்கையும் அந்த வரியையும் விட்டுவிட்டு, தைப்பிங் ஆசிரியரிடம் தாவினேன்.

"அவளும் அதத்தானே எழுதினா?" என்றாள் காளியம்மா. "அவளுக்கு ஏன் இல்ல?"

"அவரு இன்னும் வெவரமா எழுதியிருப்பாரு" என்றேன்.

கலையும்போது பாஞ்சாலை வந்து கை நீட்டினாள். "பேப்பரக் குடுங்க கிராணி. படம் பாக்கணும்."

கொடுத்தேன். மாஸ்டரின் புகைப்படம் பெரிதாகப் போட்டிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள். புகைப்படத்தைப் பார்க்கவில்லை. விரல் முதல் பத்தியில் தொடங்கி, வரி வரியாக, மெதுவாக இறங்கியது. உதடுகள் அசைந்தன. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆறு மாதமாக அவளிடம் கையெழுத்து வாங்கியும் அதை நான் கேட்டதே இல்லை.

விரல் ஓர் இடத்தில் நின்றது. மேலே போய் மறுபடி வந்தது. அவள் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

மறுநாள் காலைக் கொழுந்து நிறுக்கும்போது வரிசையில் கடைசியாக வந்தாள். கூடையைத் தராசில் மாட்டிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எல்லாத்துலயும் அப்பிடித்தான் எழுதினீங்களா?"

"ஆமா."

"என் அட்டையிலயுமா?"

"ஆமா."

"என் கையெழுத்துக்கு மேல."

தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்ட சொல்லப்போற?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"சொல்லி நான் என்னா பண்றது? எனக்கு அந்தச் சேருதான் வேணும். உங்கள வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய?" கூடையைக் கழற்றினாள். "நானே எழுதிப் போட்டுக்கறேன். என் அட்டைய நீங்க தொடாதீங்க."

அவள் எழுதிய அட்டை அலுவலகத் தபால் பைக்கு வரவில்லை. முனியாண்டியிடம் கொடுத்து ரிங்லெட் தபாலாபீசில் போடச் சொன்னாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஆள் எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவள் "இருக்கேன்" என்றாள். இது இப்படியே ஆறிவிடும் என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஜூலையில் மண்சரிவு காரணமாக ஒரு திங்கட்கிழமை பஸ் தாமதமானது. முனியாண்டி பத்திரிகையை லோரியிலிருந்து நேராக மண்டபத்துக்கே கொண்டுவந்தான். ஆட்டம் முடிந்தும் திங்கட்கிழமை கூடுவது நிற்கவில்லை. அடுத்த ஆட்டம் எப்போது என்ற அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். அன்றுதான் முதன்முறையாக, முன்கூட்டிப் பார்க்காத பக்கத்தை அவர்கள் முன்னால் விரித்தேன்.

"வாசகர் கடிதம்" என்று தொடங்கினேன். கண் இரண்டு வரி முன்னால் ஓடியது. குரல் நின்றது.

"என்னா கிராணி, எழுத்து தெரியலியா?" என்றான் முனியாண்டி. "லைட்டு போடவா?"

நான் தலை நிமிர்ந்தேன். பாஞ்சாலை பெஞ்சில் இருந்தாள். நான் தாண்டிப்போக முடியும், முன்பு தாண்டியிருக்கிறேன் என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"படிங்க" என்றாள்.

படித்தேன். 'பகாங் தோட்டத்து வாசகி ப. பாஞ்சாலை, சிப்பாயை நகர்த்தச் சொன்னது தாமே என்றும், மாஸ்டரோடு ஆடும் இடம் தமக்கு உரியது என்றும் எழுதியிருக்கிறார். ஆட்டம் முடிந்தபின் சரியான நகர்த்தலைச் சொல்வது எவருக்கும் எளிது. இவர் கையெழுத்திட்ட அட்டை எங்களிடம் இருக்கிறது. அதில் குதிரையை வெட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். இவருடைய தோட்டத்திலிருந்து வந்த மற்ற முப்பத்தேழு அட்டைகளும் அவ்வாறே. வாசகர்கள் இத்தகைய கோரிக்கைகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

வெளியே லோரியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முனியாண்டி அதை நிறுத்தாமலே வந்திருந்தான். யாரும் பாஞ்சாலையைப் பார்க்கவில்லை. அட்டைகளை யார் நிரப்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான்தான்" என்றேன். "எல்லாத்தயும் மாத்தி எழுதினேன்."

"அப்ப ஈப்போக்காரன்?" என்றான் முனியாண்டி.

"இல்ல. நான்தான்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெளியே போய் லோரியை நிறுத்திவிட்டு வந்து, மிகவும் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ரெங்கசாமி பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மரியாதை குறையாமல் கேட்டார். "கிராணி, ஒண்ணு கேக்கறேன். நாங்க வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இது மட்டும் இல்லியே. போன வருசம் லீவுப் பாரம். சேமநிதிப் பாரம். என் மவ கல்யாணத்துக்கு வீடு கேட்டு எழுதின மனு. அதுலல்லாம் என்னா எழுதினீங்க?"

"அதுல ஒண்ணும் இல்ல, மண்டோரே. சத்தியமா. நீங்க சொன்னததான் எழுதினேன்."

"இதுலயும் அப்பிடித்தானே சொன்னீங்க" என்றாள் காளியம்மா.

நான் சொன்னது உண்மை. அதை நம்புவதற்கு அவர்களுக்கு இனி எந்தக் காரணமும் இல்லை என்பதும் உண்மை. அதற்குப் பிறகு நான் அங்கே வேலை செய்த நாலு ஆண்டுகளும், ஒரு பாரத்தை நீட்டினால் முழுதும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்த பிறகு, படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

"பேப்பருக்கு நான் எழுதிடறேன்" என்று பாஞ்சாலையிடம் சொன்னேன். "எல்லாத்தயும் சொல்லி, இன்னைக்கே எழுதிடறேன்."

"ஆப்பீசுல போயி எழுத வேணாம்" என்றாள். "இங்க எழுதுங்க."

முனியாண்டி பலகையை ஒதுக்கினான். மேசை காலியானது. நான் பேனாவைத் திறந்தேன். அவள் பெஞ்சை இழுத்துப் போட்டு என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். அவர்களுடைய ஈரச் சட்டைகளின் வாடை என் முதுகில் பட்டது. ஆசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கினேன். நான் எழுதுவதற்குப் பின்னாலேயே அவளுடைய விரல் வரியில் நகர்ந்துவந்தது. இந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் கூடி எடுத்த முடிவு சிப்பாயை நகர்த்துவதே என்று எழுதினேன். அதைக் காரணத்தோடு எடுத்துச் சொன்னவர் ப. பாஞ்சாலை என்று எழுதினேன். அவர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்த அட்டைகளில் நான் தவறுதலாக வேறு நகர்த்தலை எழுதி அனுப்பிவிட்டேன் என்று எழுதினேன்.

விரல் நின்றது.

"தவறுதலாகன்னா?" என்றாள்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"கை தவறிப் போச்சா? முப்பத்தெட்டுலயும்?"

"இல்ல."

"அப்ப அத அடிங்க."

அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். அடித்த சொல்லுக்கு மேலே, அந்தச் சின்ன இடைவெளியில், 'தெரிந்தே' என்று எழுதினேன்.

"இப்ப மொதல்லேருந்து படிங்க" என்றாள். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி."